நம்ம ஊர்ப் பேச்சு கைப்பேசிக்குப் புரியட்டும்



இந்த இதழ் பேச்சையும் கைப்பேசியையும் பற்றியது. நாம் பேசினால் கைப்பேசி எழுத்தாக்கித் தருகிறது. எழுத்தில் இருப்பதை வாசித்துக் காட்டுகிறது. கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே பதிலும் சொல்கிறது. விவசாயம், கதை, சமையல் என்று வழக்கமாக வருகிற பகுதிகளுக்கு நடுவே இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். திண்டுக்கல் மண்ணுக்கும் இந்தத் தொழில்நுட்பத்துக்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழக்கம் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி போகிற பேருந்தில் ஏறினால் வழியில் செம்பட்டி. 2004 அக்டோபர் 18 அன்று இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் வழியாக இணைந்த கிராம வள மையங்களைத் தொடங்கின. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். திருவையாறு, தங்கச்சிமடம் இவற்றோடு செம்பட்டியும் அந்த முதல் வரிசையில் இடம் பெற்றது. சென்னையில் இருக்கும் வேளாண் வல்லுநரிடம் செம்பட்டி விவசாயி முகம் பார்த்துச் சந்தேகம் கேட்க முடிந்தது. வீடியோ காலில் பேரனைப் பார்ப்பது இன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது. அன்றைக்கு அது பெரிய செய்தி.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இன்னொரு முயற்சி நடந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக் குழு, சுவாமிநாதன் நிறுவனத்தோடு சேர்ந்து செம்பட்டி மையத்தில் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒரு தமிழ்க் கருவியைச் செய்து பார்த்தது. வாழைச் சாகுபடி பற்றிய தகவலைப் படமும் குரலுமாகச் சொல்லும் கருவி அது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாயால் ஒரு சொல் சொல்லி வேண்டிய தகவலைக் கேட்கலாம். மேடலின் ப்ளோஷே, உதயகுமார் நல்லசாமி என்ற இருவரும் இந்த வேலையைப் பற்றி 2007-இல் விரிவாக ஒரு கட்டுரை எழுதினார்கள்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் பெரியது. ஒரு மொழியின் பேச்சைக் கணினிக்குக் கற்றுத்தர நூற்றுக்கணக்கான மணி நேரக் குரல் பதிவு வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் என்ன பேசப்பட்டது என்று ஆள் வைத்து எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை ஏழை விவசாயிகளுக்கான திட்டம் எதுவும் தாங்காது. அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. கருவி புரிந்துகொள்ள வேண்டிய சொற்களின் எண்ணிக்கையைச் சுருக்கினார்கள். ஊர்க்காரர்கள் கருவியிடம் பேசும்போதே அவர்கள் குரலைப் பதிந்து, அதையே கருவிக்குப் பாடமாக்கினார்கள். ஓர் ஊரில் பேசப் பேச, அந்த ஊர்ப் பேச்சு கருவிக்குப் பழகும். மக்கள் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை குறையும்.

இந்த ஆசிரியர் பக்கத்தில் நான் சொல்ல வந்ததும் இதுதான். எந்தப் பேச்சைக் கொடுத்தோமோ அந்தப் பேச்சைத்தான் கருவி கேட்கும். நம் வட்டாரப் பேச்சு அதில் இல்லையென்றால் நம்மவர்கள் அதன் காதில் விழ மாட்டார்கள். அன்று சில சொற்களோடு செம்பட்டியில் பொருந்திய இந்த விதி, இன்று கைக்குள் அடங்கும் போனுக்கும் பொருந்துகிறது.

கைப்பேசி நம் பேச்சை எப்படிப் புரிந்துகொள்கிறது? நாம் பேசும் ஒலியை அது நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த அலைவரிசை எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று அளக்கிறது. அது எந்த எழுத்தின் ஒலியாக இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. பிறகு பக்கத்தில் வந்த சொற்களைப் பார்த்து, இந்த இடத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்கிறது. இத்தனையும் கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். முன்பு அடிக்கடி கேட்ட ஒலியையும் அடிக்கடி பார்த்த சொல்லையும் அது சட்டென்று பிடிக்கும். கேட்டுப் பழகாத பேச்சை, தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றி எழுதிவிடும்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில், தக்காளி வரத்து கூடுதலாக இருந்த ஒரு நாள், இதை நேரில் பார்த்தேன். கேரளத்துக்குப் போகிற லாரிகளில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவர் போனை வாய்க்கு அருகில் வைத்து, “தக்காளி ஏளு பொட்டி, கள்ளிமந்தயம்” என்றார். பதினான்கு கிலோ பிடிக்கும் பெட்டியைத்தான் சொன்னார். திரையில் “தக்காளி ஏழு போட்டி” என்று வந்தது. ஊர்ப் பெயரும் இரண்டு துண்டாகிவிட்டது. அவர் அழித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல “ஏழு… பெட்டி…” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சரியாக வந்தது. பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர், “ஏண்ணே, போன்ட்ட மட்டும் புத்தகத் தமிழ்ல பேசுறீங்க?” என்று கேட்டார். “நம்ம பேச்சு அதுக்கு ஏற மாட்டேங்குதப்பா” என்றார் இவர்.

அவர் படித்தவர். தன் பேச்சைத் திருத்திக்கொள்ள அவரால் முடிகிறது. அந்தத் தக்காளியைப் பறித்துப் பெட்டியில் அடுக்கி அனுப்பிய அம்மாவுக்கு அது முடியுமா? அவர் எதற்காகத் திருத்திக்கொள்ள வேண்டும்? எழுத்து தெரியாதவருக்கு உதவ வந்த கருவி, எழுத்துத் தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் பயன்பட்டால் அது வந்த நோக்கம் என்ன ஆவது?

நம் மாவட்டத்தின் பேச்சை எண்ணிப் பாருங்கள். நத்தம், நிலக்கோட்டைப் பக்கம் மதுரைப் பேச்சின் வாடை. “அங்கிட்டுப் போயி இங்கிட்டு வாங்க” என்பார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி போனால் “ஏனுங்க, வாங்க” என்று கொங்குப் பேச்சு எட்டிப் பார்க்கும். நாகல் நகரில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வீதியில் தமிழும் ஓடும். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. பழனி மலையிலும் சிறுமலையிலும் வாழும் பளியர்களின் பேச்சு தனி. எல்லோர் வாயிலும் பஸ், கரண்ட், லோன், ஷிப்ட் என்ற சொற்கள் தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை பேச்சு. எல்லாவற்றையும் கைப்பேசி கேட்டுப் பழக வேண்டும்.

தமிழுக்காக உழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன், எழுத்தைக் குரலாக்கும் தமிழ் மென்பொருளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கினார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளுக்குக் குரல் கொடுப்பதில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எஸ். உமேஷ் முதலானோர், வேறு பல நிறுவனங்களோடு சேர்ந்து, ஆறு இந்திய மொழிகளில் விளைபொருள் விலையைப் போனில் பேசிக் கேட்டறியும் திட்டத்தில் வேலை செய்தார்கள். ஆறு மொழிகளில் தமிழும் ஒன்று. காளவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் பேராசிரியர்கள் விஜயலட்சுமி, நாகராஜன் ஆகியோர், மூளை முடக்குவாதம் போன்றவற்றால் பேச்சு குழறுகிறவர்களின் தமிழைக் கணினிக்குப் புரிய வைக்கும் ஆராய்ச்சியைச் செய்தார்கள். பேசியும் பிறருக்குப் புரியாத ஒரு பிள்ளையின் சொல்லைக் கருவி எடுத்துச் சொல்லுமானால், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி ஏது?

2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. தமிழில் பேசினால் எழுதும் வசதி சாதாரண ஆண்ட்ராய்டு போனுக்கு அப்போது வந்தது. 2022-இல் இந்திய மொழிகளுக்கான மத்திய அரசின் ‘பாஷிணி’ திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு 2024-இல் ஒரு குரல் தொகுப்பை வெளியிட்டது. 22 மொழிகள், 145 மாவட்டங்கள், பதினாறாயிரத்துக்கும் அதிகமான பேர், ஏழாயிரம் மணி நேரத்துக்கு மேல் பேச்சு. அதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எழுதியதைப் படித்துக் காட்டிய பதிவு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் மக்கள் மனம்போலப் பேசிய பேச்சும் இருவர் உரையாடலும். நாட்டின் 773 மாவட்டங்களிலும் குரல் சேகரிக்கும் நோக்கத்தோடு இந்திய அறிவியல் கழகமும் கூகுளும் ‘வாணி’ என்ற திட்டத்தை நடத்துகின்றன. மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைத் தேடிப் போகவேண்டும் என்ற எண்ணம் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது.

குரலால் பயன் பெற எப்போதும் செயற்கை நுண்ணறிவு தேவைப்படுவதும் இல்லை. பக்கத்துத் தேனி மாவட்டத்தில் ‘விடியல்’ அமைப்பைச் சேர்ந்த ஆடு வளர்க்கும் பெண்கள், காமன்வெல்த் கற்றல் அமைப்பின் துணையோடு, 2010-க்கு முன்பே சாதாரணப் பட்டன் போனில் குரல் பாடங்களைக் கேட்டார்கள். ஆட்டுக்கு வரும் நோய், தீவனம், வங்கிக் கடன் என்று எல்லாம் காதில் வந்தன. புத்தகத்தைத் திறக்க நேரமில்லாதவர்கள் ஆடு மேய்த்துக்கொண்டே பாடம் கேட்கலாம். விவசாயிகளுக்காக 2004 முதல் நடக்கும் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் அழைத்தால் தமிழிலேயே ஆள் பேசுவார். மின்சாரப் புகாரை 94987 94987 என்ற ‘மின்னகம்’ எண்ணில் எந்நேரமும் வாயால் சொல்லலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த இரண்டு எண்களையும் அவர்கள் போனில் பதிந்து கொடுங்கள்.

கண் பார்வையில்லாத நம் வாசகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காந்திகிராமம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எங்களிடம் பேசினார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும், ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் ‘டாக்பேக்’ வசதியோடு செய்தி, வங்கிக் கணக்கு, பேருந்து நேரம் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். கணினியில் அவர் பயன்படுத்தும் ‘என்விடிஏ’ என்ற திரை வாசிப்பான் இலவசமானது. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் தேவும், தங்களைப் போன்றவர்கள் பெரும்பணம் கொடுக்காமல் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்று 2006-இல் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். நம் வாசகர் ஒரு வேண்டுகோள் வைத்தார். “அறிவிப்ப எல்லாரும் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல போடுறாங்க. படத்துல இருக்குற எழுத்த எம்போனால சரியா வாசிக்க முடியல. எழுத்தாவே அனுப்புனா நானே கேட்டுக்குவேன்” என்றார். பள்ளி, கோயில், ஊராட்சி, சங்கம் என்று அறிவிப்பு அனுப்புகிற அனைவரும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். படத்தோடு சேர்த்துக் கீழே நாலு வரி யூனிகோடு தமிழில் எழுதினால் போதும். நம் பத்திரிகையின் மின்னிதழும் இனி முழுவதும் யூனிகோடு எழுத்தில், தலைப்புகள் தனித்தனியாகக் கேட்கும்படி வரும்.

நன்மையைச் சொல்கிறபோது ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று நொடிக் குரலைக் கொடுத்தாலே அதே குரலில் வேறு எதையும் பேசிக் காட்டும் மென்பொருளை 2023 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். மகன் குரலில், “அம்மா, விபத்துல மாட்டிக்கிட்டேன், ஒடனே பணம் போடு” என்று அழைப்பு வந்தால் நம்பிவிடாதீர்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு, மகனின் வழக்கமான எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். குடும்பத்துக்குள் வெளியாருக்குத் தெரியாத ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஓடிபி எண்ணை எந்தக் குரலுக்கும் சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

குரலைக் கொடுப்பதிலும் நிதானம் தேவை. எவர் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், பதிவு எங்கே போகும், வேண்டாம் என்றால் அழிப்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் மட்டும் கொடுங்கள். ஊருக்கு வந்து கூலி கொடுத்துக் குரல் பதிகிறவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். நம் குரல் நம் உடைமை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் சம்மதத்தை முன்னால் வைக்கிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு நம்மால் என்ன செய்ய முடியும்? மூன்று வேண்டுகோள்கள்.

முதல் வேண்டுகோள் இளைஞர்களுக்கு. மொசில்லா அமைப்பு நடத்தும் ‘காமன் வாய்ஸ்’ தளத்தில் தமிழும் இருக்கிறது. அங்கே திரையில் வரும் வாக்கியங்களை வாசித்துப் பதியலாம். பிறர் வாசித்ததைக் கேட்டுச் சரிபார்க்கலாம். சேரும் தொகுப்பு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி பொதுவில் இருக்கிறது. வாசிக்கும்போது செய்தி வாசிப்பவரைப் போலக் குரலை மாற்ற வேண்டாம். வேடசந்தூர்க்காரர் வேடசந்தூர்க்காரராகவே வாசியுங்கள். ஆத்தா, அப்பத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதியவர்களின் குரலும் பெண்களின் குரலும் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுக்குக் கருவி அவர்களையும் கேட்கப் பழகும்.

இரண்டாவது, நம் கல்வி நிலையங்களுக்கு. காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பொறியியல், கலைக் கல்லூரிகளும் நினைத்தால் பெரிய காரியம் செய்யலாம். தமிழ்த் துறை மாணவரும் கணினித் துறை மாணவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போகட்டும். சிறுமலை வாழை, நிலக்கோட்டைப் பூ, நத்தம் மாம்பழம், சின்னாளபட்டிச் சுங்குடி, திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு என்று ஒவ்வொரு தொழிலிலும் புழங்கும் சொற்களை, அந்தத் தொழிலாளர்கள் சொல்கிறபடியே, அவர்கள் சம்மதத்தோடு பதிந்து வரட்டும். ஊர்ப் பெயர்களை அந்தந்த ஊர்க்காரர் வாயாலேயே பதிந்து வரட்டும். பூட்டுப் பட்டறைகள் குறைந்து வருகின்றன. அங்கே புழங்கிய சொற்கள் பட்டறையோடு போய்விடக் கூடாது. கைப்பேசிக்குப் பாடமாகிற அந்தப் பதிவு, நாளைய அகராதிக்கும் உதவும்.

மூன்றாவது, அரசு அலுவலகங்களுக்கு. பட்டா மாறுதல் எந்த நிலையில் இருக்கிறது, முதியோர் உதவித்தொகை ஏன் வரவில்லை, ரேஷன் கடையில் என்ன சரக்கு வந்திருக்கிறது என்று ஒரு தாய் தன் பேச்சில் கேட்கவும், அவருக்குப் புரிகிற தமிழில் பதில் கேட்கவும் வழி செய்ய வேண்டும். “பொழுதன்னைக்கும் அலையுறேன், ஒண்ணும் ஆகல” என்று அவர் சொன்னால், அது புகார் என்று கருவிக்குப் புரிய வேண்டும். புரியாத இடத்தில் உடனே ஒரு மனிதர் பேச வேண்டும். ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று ஒருவரைச் சுற்றவிட்டுவிட்டு, சேவை கொடுத்தோம் என்று சொல்லக் கூடாது.

நம் பங்குக்கு ஒன்றை அறிவிக்கிறேன். பேசினால் எழுதும் வசதி வந்த பிறகு நமக்கு வரும் கடிதங்களே மாறியிருக்கின்றன. முன்பு எழுதிப் பழகியவர்கள்தான் எழுதுவார்கள். இப்போது நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்களும், பூச்சந்தையில் எடை போடுகிறவர்களும், லாரி ஓட்டுநர்களும் பேசி அனுப்புகிறார்கள். சிலர் எழுத்தாக்காமல் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்புகிறார்கள். அவற்றில் இருக்கும் அனுபவம், அலங்காரமாக எழுதிய பல கட்டுரைகளில் கிடைக்காதது. எனவே அடுத்த இதழிலிருந்து ‘வாசகர் குரல்’ என்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறோம். எங்கள் வாட்ஸ்ஆப் எண்ணுக்குப் பேசி அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும். உங்கள் பேச்சு நடையைத் திருத்தாமல், அனுமதி பெற்று அப்படியே அச்சிடுவோம்.

முதல் பக்கத்துக்கான கேள்வி இது: உங்கள் ஊரிலும் உங்கள் தொழிலிலும் நாள்தோறும் புழங்குகிற, கைப்பேசிக்கு இன்னும் பிடிபடாத சொற்கள் எவை? அவற்றை நீங்கள் பேசுகிற மாதிரியே ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். வந்த சொற்களையெல்லாம் திரட்டி, பேச்சுத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டுள்ள ஆராய்ச்சிக் குழுக்களுக்கு எங்கள் செலவில் அனுப்பி வைப்போம். என்ன பதில் வந்தது என்பதையும் இதே பக்கத்தில் தெரிவிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்